ஆம்ப்ளிஃபையர் வாங்கப் போறீங்களா: நொப்பா, மௌஸா?

போன மாசம் அக்கரைப்பத்துப் பக்கத்துத் தம்பி ஒராள் கோல் எடுத்தார், செல், நரம்பு இதுகளில இருந்து வாற சின்னக் கரண்ட் சிக்னலப் பெருப்பிச்சு ரெக்கோர்ட் பண்ற லப் ஆம்ப்ளிஃபையர் வாங்கிறதப் பத்தி. கையில மூணு கொட்டேஷன், மூணும் கொழும்பு ஏஜென்ட்மார் குடுத்தது. ஒண்டு முன்னுக்கு முழுக்க நொப்பும் சுவிச்சுமா இருக்கிற ஆம்ப்ளிஃபையர், ரெண்டாவது முகத்தில ஒண்டுமில்லாத வெறும் பெட்டி, எல்லாம் கொம்பியூட்டர்லதான், மூணாவது கட்டைவிரல் அளவில ஒரு போர்ட். "சேர், எத எடுக்கிற?" எண்டு கேட்டார். நானும் உடனே பதில் சொல்லாம, என்ன ரெக்கோர்ட் பண்ணப் போறீங்க, யாரு பாவிக்கப் போறாங்க, ரூமில ஏசி ராவைக்கும் ஓடுமா எண்டு திருப்பிக் கேட்டா, அவருக்குக் கொஞ்சம் கோவம் வந்திட்டு. இதே கேள்வியோட இதுக்கு முன்னயும் ரெண்டு மூணு பேர் வந்திருக்காங்க, அதால ஒருக்கா ஆறுதலா எழுதிப் போடுவம்.

முதல்ல ஒரு குழப்பத்தத் தீர்க்கணும். "சொஃப்ட்வெயார் கொன்ட்ரோல்" எண்டு ஏஜென்ட் சொல்லக்குள்ள அது மூணு வேற வேற சாமானா இருக்கலாம். ஒண்டு, நீங்க மௌஸால அமத்த பெட்டிக்குள்ள இருக்கிற உண்மையான கெயினும் (எத்தினை மடங்கு பெருப்பிக்கிற) ஃபில்டரும் (எந்த ஹேர்ட்ஸ விடுற, எதத் தடுக்கிற) மாறுறது. ரெண்டாவது, டிஜிட்டலா மாறி கொம்பியூட்டருக்குள்ள வந்த பொறகு சொஃப்ட்வெயார் ஃபில்டர் போடுறது. மூணாவது, ஒண்டுமே மாறாம ஸ்கிரீன்ல படம் மட்டும் பெருசாகிறது. பிள்ளையள் அனேகமா இந்த மூணாவதச் செஞ்சிட்டு "சேர், கெயின் கூட்டிட்டன்" எண்டு சொல்லுவாங்க.

இது ஏன் முக்கியமெண்டா, டிஜிட்டலா மாற முதல் நடக்கவேண்டியத பொறகு நடத்தேலாது. செக்கனுக்கு 10,000 தரம் சாம்பிள் எடுக்கிறீங்க எண்டு வைங்க. அப்ப 5 கிலோஹேர்ட்ஸுக்கு மேல உள்ளது எல்லாம் மடிஞ்சு கீழ வந்து விழும். எங்கயோ கிடக்கிற ஒரு 9.95 கிலோஹேர்ட்ஸ் இரைச்சல் உங்கட ரெக்கோர்டில 50 ஹேர்ட்ஸா, மெயின்ஸ் கரண்ட் இரைச்சல் மாதிரியே வந்து நிக்கும், நீங்க ஏர்த் சரியில்ல எண்டு நாலு நாளைக்கு வயர் மாத்திக்கிட்டு இருப்பீங்க. அதத் தடுக்கிறது ஏடிசிக்கு (சிக்னல டிஜிட்டல் நம்பரா மாத்துற பகுதி) முன்னால இருக்கிற அனலொக் ஃபில்டர் மட்டும்தான். கெயினும் அப்படித்தான். 16 பிட், கூட்டல் கழித்தல் 10 வோல்ட் ஏடிசியில ஒரு படி சுமார் 0.3 மில்லிவோல்ட். 50 மைக்ரோவோல்ட் சிக்னல் ஒண்ட 1000 மடங்கு பெருப்பிச்சா 50 மில்லிவோல்ட், நூத்தி அறுபது படிக்குக் கிட்ட கிடைக்கும், வடிவாத் தெரியும். 10 மடங்கோட விட்டீங்கண்டா ஒரு படி, ரெண்டு படி, அவ்வளவுதான். பொறகு ஸ்கிரீன்ல எவ்வளவு பெருப்பிச்சாலும் படிக்கட்டுத்தான் தெரியும், சிக்னல் தெரியாது. அதுக்காக கண்ண மூடிக்கிட்டு 1000 வைக்கவும் ஏலாது, டிசியோட (மாறாம நிக்கிற வோல்டேஜையும் சேத்து) எடுக்கக்குள்ள எலக்ட்ரோட்ல 20 மில்லிவோல்ட் ஒஃப்செட் இருந்தா அதுவும் 20 வோல்ட்டாகி ஆம்ப்ளிஃபையர் மேல போய் முட்டிக்கிட்டு நிக்கும்.

## என்னத்த வச்சு அளக்கிற

நான் பாக்கிறது இவ்வளவுதான், முக்கியமான ஒழுங்குலயே சொல்றன்.

ஆறு மாசம் கழிச்சு அந்த ரெக்கோர்ட்டத் திறக்கக்குள்ள கெயின் எவ்வளவு, ஃபில்டர் எவ்வளவு எண்டு யாருக்குத் தெரியும்? இதுதான் முதலாவது. ரெண்டாவது, எலக்ட்ரோட் செல்லில இருக்கிற நேரம் கை எவ்வளவு கெதியாப் போகும். மூணாவது, எத்தினை சனல். மறுகா நம்மட ஊர்க் கேள்விகள்: கரண்ட் போய் வந்தா என்ன நடக்கும், உப்புக்காத்துக்கும் ஈரத்துக்கும் எது தாங்கும், பழுதாப் போனா மட்டக்களப்பில யாரும் திறந்து பாப்பாங்களா, இல்ல கப்பல் ஏத்தணுமா. விலை கடைசிதான், ஏனெண்டா கொட்டேஷன்ல இருக்கிற விலை முழு விலை இல்ல.

## முழுக்க நொப்

கிராஸ் பி511 மாதிரிப் பழைய ஆக்கள், ஹெக்கா ஈபிசி 7, இப்பயும் வாற எத்தினையோ டிஃபரென்ஷியல் ஆம்ப்ளிஃபையர்கள். கெயின் ஒரு நொப், லோ கட் (கீழ் ஹேர்ட்ஸ வெட்டுறது), ஹை கட் (மேல் ஹேர்ட்ஸ வெட்டுறது), மெயின்ஸ் இரைச்சல மட்டும் வெட்டுற 50 ஹேர்ட்ஸ் நொச்சுக்கு ஒரு சுவிச்.

எனக்கு இதில தனி விருப்பம், ஒளிக்கல்ல. படிப்பிக்கிறதுக்கு இத அடிக்க ஒண்டுமில்ல. கரப்பான் காலில ரெண்டு ஊசியக் குத்தி, ஸ்பீக்கர்ல ஸ்பைக் (நரம்பு அடிக்கிற துடிப்பு) "டிக் டிக்" எண்டு கேட்டுக்கொண்டிருக்க, ஹை கட்டக் குறைங்க எண்டு பிள்ளைக்கிட்ட சொன்னா, திருகத் திருக சத்தம் மழுங்கிக்கொண்டு போறது அவ காதுக்கே விளங்கும். மெனுவுக்குள்ள ஒரு நம்பர மாத்தி ஓகே அமத்தினா அந்த விளக்கம் வராது. கண் மைக்ரோஸ்கோப்பில இருக்க கை தானாப் போய் நொப்பப் பிடிக்கும், மௌஸுக்கு எண்டா கண்ண எடுத்து ஸ்கிரீனப் பாக்கணும், அந்த ரெண்டு செக்கன்ல செல் போயிடும். பேட்ச் கிளாம்ப்பில (கண்ணாடிப் பிப்பெட் நுனிய ஒரு செல்லில ஒட்டி அதிட சிக்னல எடுக்கிறது) பிப்பெட்டிட தடையச் சரிக்கட்டுற சீரீஸ் ரெசிஸ்டன்ஸ் கொம்பென்சேஷனக் கூட்டிக்கொண்டு போகக்குள்ள ஒரு கட்டத்துக்கு மேல ஆம்ப்ளிஃபையர் தானா ஊளையிடத் தொடங்கும், தொடங்கின உடனே திருப்பாட்டி செல் செத்திடும். அந்த நேரம் கையில நொப் இருக்கிறது ஒரு கொடுப்பினை.

கரண்ட் போய் வந்தாலும் நொப் வச்ச இடத்திலயே நிக்கும். 2022 மார்ச் கடைசியில நாளைக்கு 13 மணித்தியாலம் வரைக்கும் கரண்ட் வெட்டினாங்களே, அந்தக் காலத்தில இந்தப் பெட்டிகள வச்சிருந்த ஆக்கள் கொஞ்சம் நிம்மதியா இருந்தாங்க.

இனிக் குறை. நொப் எங்க நிண்டது எண்டு ஃபைலுக்குத் தெரியாது. நான் வேலை செஞ்ச ஒரு லப்பில மூணு நாள் எடுத்த டேட்டா, நடுவில யாரோ கெயின 500ல இருந்து 1000க்குத் திருப்பியிருக்காங்க, கொப்பியில எழுதல்ல, எந்த நாள் எந்த நேரம் எண்டு ஒருத்தருக்கும் தெரியா. ரெண்டாம் நாள் சிக்னல் ரெண்டு மடங்கானது மருந்தாலயா நொப்பாலயா எண்டு சண்டை. கடைசியில மூணு நாளையும் தூக்கிப் போட்டம். அந்த மூணு நாளுக்குப் போன மனிச உழைப்ப எந்தக் கொட்டேஷன்லயும் காணேலாது. இதுக்குப் பரிகாரம் நீங்க நினைக்கிறத விடச் சிம்பிள்: ஒவ்வொரு ரெக்கோர்டுக்கு முன்னயும் இன்புட்டுக்கு 1 மில்லிவோல்ட் கலிப்ரேஷன் பல்ஸ் ஒண்டு குடுத்து அதையும் சேத்துப் பதியுறது. மறுகா ஃபோனால முன்பக்கத்த ஒரு ஃபோட்டோ. பல்ஸ் பொய் சொல்லாது.

இன்னொண்டு, நம்மட ஊர்க் காத்து. கல்லடியில கடலுக்குக் கிட்ட ஒரு ரூமில வச்ச பெட்டியட பொட்டென்ஷியோமீட்டர் எல்லாம் ரெண்டு வருஷத்தில கறகற எண்டு கத்தத் தொடங்கிட்டு, நொப்ப தொட்டாலே ட்ரேஸ் துள்ளும். கொன்டாக்ட் கிளீனர் அடிச்சு இருபது தரம் முழுசாத் திருகினா அனேகமாச் சரிவரும். சரிவராட்டியும் ஒரு பொட்டென்ஷியோமீட்டர மாத்துறதுக்கு ரேடியோ திருத்துற ஆளே போதும், மெனுவல்ல சேர்க்கிட் படம் இருந்தா. ஆனா லேசர்ல ட்ரிம் பண்ணின ரெசிஸ்டர், ஹெட்ஸ்டேஜ் (எலக்ட்ரோட் நேரா வந்து சேருற சின்ன முன் ஆம்ப்ளிஃபையர்) இதுகள மட்டும் தொட விடாதீங்க.

செக்கண்ட் ஹான்ட் வாங்குறீங்கண்டா பின்பக்கத்துல வோல்டேஜ் செலக்டர் இருக்கா எண்டு பாருங்க. அமெரிக்காவில இருந்து வாறதுகள் கனக்க 110 வோல்ட்டுக்கு. நம்மட 230ல குத்தினா புகை வரும், பிறகு வெடில் போக ஒரு கிழமை.

## நொப்பும் இருக்கு, கதையும் சொல்லும்

நொப் வச்ச பெட்டிதான், ஆனா பின்னுக்கு டெலிகிராஃப் எண்டு ரெண்டு மூணு சொக்கெட் இருக்கும். ஆக்சோபேச் 200பி இதுக்குப் பேர் போனது. கெயின் நொப் எந்த இடத்தில நிக்குதோ அதுக்கு ஏத்த ஒரு வோல்டேஜ் அந்த சொக்கெட்டால வரும். கெயின் 1 எண்டா 2.5 வோல்ட், 2 எண்டா 3, 5 எண்டா 3.5, இப்படியே அரை வோல்ட் அரை வோல்ட்டா ஏறி 500ல 6.5. ஏடிசியட இன்னொரு சனல்ல இதக் குடுத்தா சொஃப்ட்வெயார் வாசிச்சு ஃபைலுக்குள்ள எழுதிடும். ஃபில்டருக்கும் அப்படி ஒரு சொக்கெட் இருக்கு. மேல சொன்ன மூணு நாள் சண்டை இந்தப் பெட்டியோட வந்திருக்காது.

இதுக்கு அந்தக் கொம்பனியிட சொஃப்ட்வெயார்தான் வேணும் எண்டும் இல்ல. ஸ்கொட்லாந்தில ஸ்ட்ராத்கிளைட் பல்கலைக்கழகத்து ஜோன் டெம்ப்ஸ்டர் எழுதின வின்டபிள்யூசிபி எண்ட சொஃப்ட்வெயார் காசில்லாமக் கிடைக்குது, பல ஆம்ப்ளிஃபையர்ட டெலிகிராஃப அது வாசிக்கும். ஏடிசி பழுதாப் போனா வேற ஏடிசி, கொம்பியூட்டர் போனா வேற கொம்பியூட்டர், பெட்டி பாட்டில கிடக்கும்.

மறைஞ்ச செலவு ஒண்டு: டெலிகிராஃப் ஒவ்வொண்டும் ஒரு இன்புட் சனலத் தின்னும். எட்டுச் சனல் ஏடிசி வாங்கி, கெயினுக்கு ஒண்டு, ஃபில்டருக்கு ஒண்டு, கெப்பாசிட்டன்ஸுக்கு ஒண்டு எண்டு போனா அஞ்சுதான் மிச்சம். வயரக் குத்த மறந்தா சொஃப்ட்வெயார் பேசாம கெயின் 1 எண்டு எடுத்துக்கொண்டு போயிடும், சிலது எச்சரிக்கையும் தராது. வாங்கின அண்டே ஒவ்வொரு கெயினாத் திருகி ஸ்கிரீன்ல நம்பர் மாறுதா எண்டு ஒருக்காப் பாத்து வைங்க.

ஹெக்கா ஈபிசி 800ம் இந்தக் குடும்பந்தான் எண்டு சொல்லலாம், கையாலயும் ஓடும், ரிமோட்டிலயும் ஓடும்.

## பெட்டி ஊமை, எல்லாம் ஸ்கிரீன்ல

மல்டிகிளாம்ப் 700பி, ஹெக்கா ஈபிசி 9, ஈபிசி 10. முன்பக்கத்தில நொப் ஒண்டுமில்ல, வயர் குத்துற சொக்கெட்டும் லைட்டும்தான். மல்டிகிளாம்ப்ப கொமாண்டர் எண்ட சொஃப்ட்வெயார் யூஎஸ்பியால ஆட்டும், ஈபிசிய பேட்ச்மாஸ்டர் ஆட்டும்.

நல்லதுல பெரிய நல்லது, செட்டிங் எல்லாம் டேட்டாவோட சேந்து பதியும், யாரும் கொப்பி எழுதத் தேவையில்ல. மறுகா ஓட்டோ பட்டன்கள். பிப்பெட் ஒஃப்செட், வேகமான கெப்பாசிட்டன்ஸ், மெதுவான கெப்பாசிட்டன்ஸ், பிரிட்ஜ் பலன்ஸ் எண்டு ரெக்கோர்டுக்கு முதல் சரிக்கட்ட வேண்டிய ஒவ்வொண்டையும் ஒரு அமத்தில முடிக்கும். புதுசாப் பழகிற பிள்ளை கையால செய்ய அஞ்சு நிமிஷம் எடுப்பா, செல் அவ்வளவு நேரம் இருக்கோணுமே. ஒரே பெட்டியில ரெண்டு ஹெட்ஸ்டேஜ் வச்சு ரெண்டு செல்ல ஒண்டாப் பிடிக்கிற ஆக்களுக்கு, வோல்டேஜ் கிளாம்ப்ல (வோல்டேஜப் பிடிச்சு வச்சு கரண்ட அளக்கிறது) இருந்து கரண்ட் கிளாம்புக்கு (அதுக்கு மறுபக்கம்) ப்ரொட்டொக்கோலே தானா மாத்துறது எண்டா இது இல்லாம சரிவராது. நொப்பில அத செய்யப் போனா கை நாலு வேணும்.

ஆனா ஓட்டோவக் கண்ண மூடி நம்பாதீங்க. செல்லோட சீல் (ஒட்டு) சரியில்லாத பிப்பெட்டில ஓட்டோ அமத்தினாலும் அது எதோ ஒரு நம்பரத் தரும், பிள்ளை அந்த நம்பர அப்படியே தீசிஸ்ல போட்டிரும். கையால பழகின ஆள் ட்ரேஸப் பாத்த உடனே இது பிழை எண்டு சொல்லிடுவார். (மட்டக்களப்பு வாவியில மீன் பாடுதெண்டு சொல்ற சத்தத்தக் கேக்க பறுவ நாள் ராவு கல்லடிப் பாலத்துக்குக் கீழ தோணியில போன கூட்டாளி ஒருத்தர் ரெக்கோர்டர ஓட்டோ கெயின்ல வச்சிட்டார். வந்து கேட்டா எல்லா இடத்திலயும் ஒரே அளவு சத்தம். எங்க கூட, எங்க குறைய எண்டுதான் அவர் பாக்கப் போனது.)

கை வேகம் இல்லாத குறைய கொம்பனிக்காரருக்கே விளங்கி, மல்டிகிளாம்ப்புக்கு சொஃப்ட்பனல் எண்டு யூஎஸ்பியில குத்துற நொப்புப் பெட்டி ஒண்டத் தனியா வித்தாங்க. நொப்ப எடுத்திட்டு, பொறகு அத வேற காசுக்குத் திருப்பி விக்கிறது. சிரிப்பு வந்தாலும் வாங்கினவங்க யாரும் நட்டம் எண்டு சொல்லல்ல.

இப்ப என்ட உண்மையான கவலைக்கு வாறன். இந்த வகையில ஆம்ப்ளிஃபையருக்கு வயசு போறதுக்கு முதல் கொம்பியூட்டருக்கு வயசு போயிடும். மல்டிகிளாம்ப் செஞ்ச ஆக்சன் வரிசைய மட்டும் பாருங்க, கொம்பியூட்டரோட இணைக்கிற விதம் மாறிக்கொண்டே போகுது: டிஜிடேட்டா எண்ட அவங்கட ஏடிசிப் பெட்டியில 1200 ஐஎஸ்ஏ கார்ட், 1320 வரிசை ஸ்கசி, 1440ஏ யூஎஸ்பி. மல்டிகிளாம்ப் 700ஏ சீரியல் போர்ட்டில ஓடினது, 700பி யூஎஸ்பி. ஐஎஸ்ஏ சொக்கெட் இருக்கிற மதர்போர்ட் ஒண்ட இண்டைக்குத் தேடிப் பாருங்க, மட்டக்களப்பு டவுன்ல பழைய இரும்புக் கடையிலதான் கிடைக்கும். நல்ல ஆம்ப்ளிஃபையர் ஒண்டு, உள்ள ஒரு பழுதும் இல்ல, ட்ரைவர் புது விண்டோஸ்ல ஏறாது எண்ட ஒரே காரணத்துக்காக துணி மூடிக் கிடந்தத நான் கண்ணால கண்டிருக்கன். நொப் பெட்டி எண்டா ஒசிலோஸ்கோப்பில குத்தியாவது வேலை செய்யலாம். ஊமைப் பெட்டிக்கு வாய் கொம்பியூட்டர்லதான்.

அதால வாங்கினீங்கண்டா அதுக்கெண்டு ஒரு கொம்பியூட்டர ஒதுக்குங்க, இன்டர்நெட் குடுக்காதீங்க. ராவு முழுக்க ஓடுற ரெக்கோர்டிங் நடுச்சாமத்தில அப்டேட்டுக்கு ரீஸ்டார்ட் ஆன கவலைய யாரும் படவேணாம். ஹார்ட் டிஸ்க்க முழுசா இமேஜ் எடுத்து ரெண்டு இடத்தில வைங்க. லைசன்ஸ் டொங்கிள் இருந்தா அத மேசையில விடாதீங்க, பென் டிரைவ் எண்டு நினைச்சு யாரும் கழட்டிக்கொண்டு போயிடுவாங்க. கரண்ட் போய் வந்தா பெட்டி எந்த நிலையில எழும்புது எண்டு வாங்க முதலே கேளுங்க, உங்கட செட்டிங் ஃபைலத் திரும்ப ஏத்துறது ஒரு பழக்கமா இருக்கோணும். யூபிஎஸ் பெட்டிக்கும் வேணும் கொம்பியூட்டருக்கும் வேணும், ஒண்டுக்குப் போட்டு மத்ததுக்குப் போடாட்டி பிரயோசனம் இல்ல.

50 ஹேர்ட்ஸ் கதையும் இதில கொஞ்சம் கூட. யூஎஸ்பி வயர் வழியா கொம்பியூட்டர்ட ஏர்த்தும் பெட்டியிட ஏர்த்தும் சேந்து வளையமாகிடும். லப்டொப் எண்டா சார்ஜரக் கழட்டிப் பாருங்க, இரைச்சல் விழுந்தா கள்ளன் அவன்தான். எல்லா ஏர்த்தையும் ஒரு இடத்தில கொண்டுவந்து கட்டுங்க. நம்மட மணல் தரையில கோடை காலத்தில ஏர்த் கம்பியச் சுத்தி ஈரம் காஞ்சு ரெசிஸ்டன்ஸ் ஏறும், மழைக்காலத்தில நல்லா இருந்த செட்டப் ஆடியில கத்துறதுக்கு அதுவும் ஒரு காரணம்.

## கட்டைவிரல் போர்ட்

இன்டான் கொம்பனியிட சிப் வச்ச ஹெட்ஸ்டேஜ், ஓப்பன் எஃபிஸ் எண்ட திறந்த திட்டத்திட போர்ட் இதுகள். ஆர்எச்டி2132 எண்ட சிப்பில 32 ஆம்ப்ளிஃபையரும் 16 பிட் ஏடிசியும் ஒண்டா இருக்கு, மிருகத்திட தலையிலயே டிஜிட்டல் ஆகி மெல்லிய வயரால வரும். கெயின் 192, மாத்தேலாது. ஒரு படி 0.195 மைக்ரோவோல்ட், அதால மாத்தத் தேவையும் இல்ல, யாரும் பிழையாத் திருப்பவும் ஏலாது. ஃபில்டர் மேல்பக்கம் 100 ஹேர்ட்ஸில இருந்து 20 கிலோஹேர்ட்ஸ் வரைக்கும், கீழ்ப்பக்கம் 0.1ல இருந்து 500 வரைக்கும் சொஃப்ட்வெயாரால வைக்கலாம், அது சிப்புக்குள்ள உண்மையான அனலொக் ஃபில்டர். கரண்ட் போனா சிப் எல்லாத்தையும் மறந்திடும், சொஃப்ட்வெயார் திரும்பச் சொல்லிக் குடுக்கும்.

செல்லுக்கு வெளிய இருந்து எடுக்கிற கனக்க சனல் எண்டா யோசிக்கவே வேணாம், இதுதான். 32 நொப் பெட்டி அடுக்க யாருக்குக் காசிருக்கு, இடமிருக்கு? ஓப்பன் எஃபிஸ் சொஃப்ட்வெயாரும் சேர்க்கிட் படமும் வெளிப்படையாக் கிடக்கு, கொம்பனி மூடினாலும் நீங்க அநாதையாக மாட்டீங்க. ஆனா இந்த சிப்பால பேட்ச் கிளாம்ப் செய்யேலாது. கூட்டல் கழித்தல் 5 மில்லிவோல்ட்டுக்கு மேல வாங்காது, டிசியும் எடுக்காது. ஏஜென்ட் "எல்லாத்துக்கும் பாவிக்கலாம்" எண்டு சொன்னா சிரிச்சிட்டு விடுங்க. கொனெக்டர் தலைமயிர் மாதிரிப் பின்கள், வளைஞ்சா அவ்வளவுதான், உதிரி ஒண்டு சேத்தே ஓடர் பண்ணுங்க.

## எது எடுத்தாலும் வாற செலவு

ஈரம். ராவைக்கு ஏசிய நிப்பாட்டி காலையில போடுறதும், குளிர்ந்த ரூமில இருந்து ஹெட்ஸ்டேஜ வெளிய எடுக்கிறதும் தண்ணி பூக்கிறதுக்கு வழி. ஹெட்ஸ்டேஜ் இன்புட்டில கண்ணுக்குத் தெரியாத ஈரம் போதும், கரண்ட் கசிஞ்சு பேஸ்லைன் ஓடத் தொடங்கும். வேலை முடிய சிலிக்கா ஜெல் போட்ட டப்பாவுக்குள்ள வைங்க. ஐப்பசி, கார்த்திகை இடிக்கு பிளக்க மட்டும் கழட்டினா காணாது, யூஎஸ்பியயும் கழட்டணும்.

டொலர். கொட்டேஷன் எடுத்த நாளுக்கும் சாமான் வாற நாளுக்கும் நடுவில என்ன நடக்கும் எண்டு 2022ல எல்லாரும் படிச்சிட்டம், 200 ரூபாய்க்குக் கிட்ட நிண்ட டொலர் சில மாசத்தில 360க்குப் போனது. ஊமைப் பெட்டியில லைசன்ஸும் டொலர், அப்டேட்டும் டொலர், திருத்தவும் டொலர்.

மனிசருக்கு எலக்ட்ரோட் ஒட்டி ஈசிஜி, ஈஎம்ஜி (தசைச் சிக்னல்) எடுக்கிறதெண்டா இந்த நாலு வகையையும் மறந்திட்டு, மனிசருக்கெண்டு சான்றிதழ் உள்ள ஐசொலேட்டட் (மெயின்ஸ் கரண்ட் ஆளுக்குப் போகாமப் பிரிச்சு வச்ச) ஆம்ப்ளிஃபையர் மட்டும். லப்டொப்ப பேட்டரியில ஓட்டினா காணும் எண்டு யாரும் சொன்னா கேக்காதீங்க.

## யாருக்கு எது

செகண்ட் இயர் பிள்ளையளுக்கு ப்ராக்டிகல், நாப்பது பேர், கரப்பான் காலும் தவளை நரம்பும்: முழு நொப், கலிப்ரேஷன் பல்ஸோட. ஒராள் ரெண்டாள் பேட்ச் கிளாம்ப் பழகி எம்ஃபில் செய்யிற லப், டெக்னீஷியன் நிரந்தரமில்ல: டெலிகிராஃப் உள்ள நொப். செக்கண்ட் ஹான்ட் கிடைச்சாலும் எடுங்க. ரெண்டு செல் ஒண்டா, நீளமான ப்ரொட்டொக்கோல், கிராண்ட் காசு அஞ்சு வருஷத்துக்கு இருக்கு: ஊமைப் பெட்டி, ஒதுக்கின கொம்பியூட்டர், முடிஞ்சா சொஃப்ட்பனலும். எலித் தலையில முப்பது சனல்: போர்ட்.

அக்கரைப்பத்துத் தம்பிக்குப் பேட்ச் கிளாம்ப்தான், ஒரு செல்தான், ஆனா "புதுசு, கொம்பியூட்டர்ல ஓடுது" எண்டு மேலிடத்துக்குக் காட்ட ஊமைப் பெட்டியில ஆசை. நான் சொன்னன், ஏஜென்ட்டுக்கிட்ட நாலு கேள்வி எழுத்தில கேளுங்க எண்டு: ட்ரைவர் எந்த விண்டோஸ் வரைக்கும்? கொம்பியூட்டர் செத்தா லைசன்ஸ வேறதுக்கு மாத்தலாமா? பழுதானா பெட்டி எந்த நாட்டுக்குப் போகும், கப்பல் காசு யாரு? கரண்ட் போய் வந்தா எந்த செட்டிங்கில எழும்பும்? ரெண்டு கிழமையாப் போயிட்டு, மூண்டாவது கேள்விக்கு மட்டும் பதில் வந்திருக்காம். கப்பல் காசு நாங்கதானாம்.